ஆற்றோடு போன பெண் பார்க்கும் படலம்

கம்பெனி செலவில் ஸ்வீடனுக்குப் பயிற்சிக்குப் போன என் வீட்டுக்காரர் திரும்பும்போது டேப்ரெக்கார்டர் கொண்டுவருவார் என்று எங்கள் தெருவே காத்திருந்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. ஓசூரில் வெளிநாடு போய் வந்தவர்கள் குறைவு. பெட்டியைத் திறந்தார். பிள்ளைகளுக்குச் சாக்லேட், எனக்கு ஒரு கம்பளித் தொப்பி, அதற்கடியில் மடித்து வைத்த ஒரு பெரிய தாள். தாளில் பென்சிலால் வரைந்த நீளமான படகு ஒன்று.

“என்னாங்க இது?”

“கேனோ.”

“கேணியா?” என்றார் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மா. “கேணி வெட்டக் கத்துக்கிறதுக்கா சீமைக்குப் போய்ட்டு வந்தாரு?”

அங்கே இவருக்கு மெஷின் சொல்லிக்கொடுத்தவர், சனிக்கிழமை வந்தால் மனைவி, பிள்ளைகள், நாய், சாப்பாடு எல்லாவற்றையும் அந்த ஒல்லிப் படகில் ஏற்றிக்கொண்டு ஏரிக்குப் போய்விடுவாராம். இவரையும் கூட்டிப் போயிருக்கிறார். “ஏரியிலருந்து ஆறு, ஆத்துலருந்து இன்னொரு ஏரி. ரெண்டு நாளு ரோட்டையே பாக்கல சரோஜா. அந்தம்மா முன்னாடி குந்திக்கினு துடுப்பு போடறாங்க. சின்னப் புள்ளைங்க பாட்டுப் பாடுதுங்க. நாமளும் போவணும்.”

எங்கே போவது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குப் பதில் தெரிந்திருக்காது.

சிப்காட் தொழிற்பேட்டையில் மெஷின்களுக்கு ஃபைபர் மூடி செய்து கொடுக்கும் பட்டறை ஒன்றை அவருடைய நண்பர் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் அங்கே போய் அந்தத் தாளைப் பார்த்துப் பார்த்துப் படகு செய்தார்கள். மழைக்காலம் முழுக்க அவர் சட்டையில் ரெசின் நாற்றம். மெஷினுக்கு அடித்து மிஞ்சிய பச்சை பெயிண்டைப் படகுக்கு அடித்தார்கள். உயிர்காக்கும் சட்டைக்குப் பதிலாக ஸ்கூட்டர் ட்யூபில் காற்றடித்து எங்கள் நாலு பேருக்கும் இடுப்பில் மாட்டிவிட்டார்.

முதல் வெள்ளோட்டம் ராமநாயக்கன் ஏரியில். கரை முழுக்கக் கூட்டம். அவர் ஒரு காலை வைத்தார், அடுத்த காலை வைத்தார், படகு அவரை இந்தப் பக்கமாகக் கொட்டிவிட்டு அந்தப் பக்கமாகப் போனது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. மூன்றாவது தடவை உட்கார்ந்துவிட்டார். எங்கள் பெரியவள் கீதா அப்போது நாலாம் வகுப்பு. “அப்பா, நானு!” என்று தண்ணீருக்குள்ளேயே ஓடினாள். சின்னவள் உமா என் இடுப்பில் இருந்தாள். எனக்கு நீச்சல் தெரியாது. அன்று நான் ஏறவில்லை.

ஆனால் எத்தனை நாள் கரையிலேயே நிற்பது? பாரூர் ஏரிக்கு அவர்கள் கிளம்பியபோது சாப்பாட்டுத் தூக்கோடு நானும் ஏறி நடுவில் உட்கார்ந்துகொண்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு தண்ணீர். ஒகேனக்கல்லில் பரிசல்காரர்கள் எங்கள் படகைச் சுற்றி நின்று சிரித்தார்கள். அவர்களில் ஒருவர் ஏறிப் பார்த்துவிட்டு, “சும்மா சறுக்குதுங்க! ஆனா நம்ம பரிசல் மாதிரி சுத்த மாட்டேங்குது, அதான் கொற” என்றார். இன்னொரு வருடம் காவிரியின் மேல்பகுதிக்குப் போகலாமென்று வேன் மேல் படகைக் கட்டிக்கொண்டு கர்நாடக எல்லையைத் தாண்டினோம். செக்போஸ்ட்டில் இருந்தவர் வேனைச் சுற்றி வந்து கன்னடத்தில் கேட்டார்: “இதில் என்ன சரக்கு ஏற்றுவீர்கள்?” “பொண்டாட்டி புள்ளைங்கள” என்றார் இவர். அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுக் கட்டையைத் தூக்கினார்.

அந்தக் காவிரிப் பயணத்தில்தான் எனக்குப் பயம் கொஞ்சம் விட்டது. காட்டுக்கு நடுவே ஆறு அகலமாக, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று படகுக்குப் பக்கத்தில் ஒரு நீர்நாய் தலையைத் தூக்கி, வாயில் மீனோடு என்னைப் பார்த்தது. நானும் அதைப் பார்த்தேன். அடுப்பு, ரேஷன், பஸ், கம்பெனி சங்கு எதுவும் நினைவில் இல்லாத ஒரு நிமிடம். அதற்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் நனையலாம் என்று தோன்றியது. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஸ்வீடனில் நீர்நாய் எவ்வளவு பெரியது என்று ஆரம்பித்துவிடுவார்.

இப்படியே வருடங்கள் ஓடின. கீதா பி.காம். முடித்து ஒரு மின்சாதனக் கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் சேர்ந்தாள். மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தோம். அப்போதுதான் படகு எங்களுக்கு எதிராகத் திரும்பியது. தர்மபுரியிலிருந்து வந்த இடம், “பொண்ணு ஆம்பளை மாதிரி ஆத்துல படகு ஓட்டுதாமே” என்று சொல்லி அனுப்பிவிட்டது. சேலத்து இடம் அதையும் சொல்லவில்லை, வராமலே இருந்துவிட்டது.

மூன்றாவதாக ஊத்தங்கரையிலிருந்து ஓர் இடம். பையன் பெயர் சேகர். மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார், கொஞ்சம் மானாவாரி நிலமும் உண்டு. அப்பா இல்லை. அம்மாதான் எல்லாம். வீட்டுக்கு வந்து பலகாரம் சாப்பிட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்வது சங்கடம், பொது இடத்தில் பார்த்துவிடலாம் என்று அந்தம்மாவே சொல்லியனுப்பினார். கிருஷ்ணகிரி அணை பூங்கா, ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி. எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. இந்தத் தடவை படகைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்தேன்.

வீட்டுக்காரர் காலண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “கார்த்திகை மாசம். தென்பெண்ணையில தண்ணி நல்லா போவுது. அந்த ஆறு நேரா அணைக்குத்தான் போவுது.”

நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். “பஸ்ஸு ரெண்டு மணி நேரத்துல போவும்.”

“வெள்ளிக்கெழம கெளம்பினா ஞாயித்துக்கெழம மத்தியானம் போய்ச் சேர்ந்துடலாம். தலைவாரி பூ வச்சி, சீல கட்டிக்கினு, நாலு மணிக்கு பார்க்குல போய் நின்னா யாருக்குத் தெரியப் போவுது?”

“உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா?” என்று நான் ஆரம்பித்தபோது கீதா குறுக்கே வந்தாள்.

“போலாம்மா. எப்பிடியும் ஒருநாளு அவங்களுக்குத் தெரியத்தான் போவுது. தெரிஞ்சி வேணாம்னா இப்பவே சொல்லிட்டுப் போவட்டும். கட்டிக்கினு போயி அப்பறம் கேட்டா நான் என்னா சொல்லுவன்?”

நான் கீழே வைத்த கரண்டியை எடுத்து, வழிக்குப் புளிச்சோறு எவ்வளவு கட்டுவது என்று கணக்குப் போட ஆரம்பித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பேரண்டப்பள்ளிப் பாலத்தடியில் படகை இறக்கினோம். மேலே பெங்களூர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. வழக்கம்போல வீட்டுக்காரர் பின்னால், படகைத் திருப்பும் இடத்தில். கீதா முன்னால். நானும் உமாவும் நடுவில். எங்களுக்கிடையே ஒரு நீலப் பெட்டி, அதில் கீதாவின் பட்டுச்சேலை, எங்கள் மாற்றுத்துணி. தண்ணீர் மேல் நுரை பாளம் பாளமாக மிதந்துவந்தது.

“ஸ்வீடன்ல ஆத்துத் தண்ணிய அப்படியே அள்ளிக் குடிக்கலாம்” என்றார் இவர்.

“இங்க அள்ளித் துணி தொவைக்கலாம்பா. சோப்பே வேணாம்” என்றாள் உமா.

கொஞ்ச தூரத்தில் நுரை அடங்கியது. லாரிச் சத்தம் போய் நாணல் உரசும் சத்தம் வந்தது. மீன்கொத்தி ஒன்று எங்களுக்கு வழிகாட்டுவதுபோல மரத்துக்கு மரம் பறந்தது. இந்த ஆற்றை நான் எத்தனையோ வருடமாகப் பஸ் ஜன்னலில் பாலம் தாண்டும் நேரத்துக்கு மட்டும் பார்த்திருக்கிறேன். உள்ளே இவ்வளவு ஆறு இருப்பது தெரியாது.

சானமாவுக் காட்டை ஒட்டி ஒரு வளைவு திரும்பியதும் கீதா துடுப்பைத் தண்ணீரில் செங்குத்தாக இறக்கி நிறுத்தினாள். கையை மட்டும் காட்டினாள். முன்னால் ஆறு முழுக்க யானை.

எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. பெரிதும் சிறிதுமாக ஒரு கூட்டமே தண்ணீரில் படுத்துக் கிடந்தது. ஒரு குட்டி தாயின் முதுகில் ஏறி ஏறிச் சறுக்கி விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் மெல்ல ஒரு பாறைக்குப் பின்னால் ஒதுங்கி நாணலைப் பிடித்துக்கொண்டோம். காற்று எங்கள் பக்கம் வீசியதால் அவற்றுக்கு எங்கள் வாசனை போகவில்லை. அவற்றின் வாசனைதான் எங்களுக்கு வந்தது.

“இப்ப என்னா பண்றது?” என்று காதில் கேட்டேன்.

“அதுங்க குளிச்சி முடிக்கட்டும்” என்றார் இவர். முகமெல்லாம் சிரிப்பு. “ஸ்வீடன்ல இது கெடையாது சரோஜா.” இத்தனை வருடத்தில் எங்கள் ஊர் ஸ்வீடனை ஜெயித்தது அன்றுதான்.

யானைகளுக்கு அவசரமே இல்லை. பாறைக்குப் பின்னால் புளிச்சோறும் வறுத்த கடலையும் சத்தமில்லாமல் சாப்பிட்டோம். கடலையைக்கூடக் கடிக்கப் பயந்து ஊறவைத்து விழுங்கினோம். ஒரு தடவை அந்தக் குட்டி தண்ணீரில் தும்பிக்கையை அடித்துக்கொண்டே எங்கள் பாறையை நோக்கி வந்தது. ஒரு பெரிய பெண் யானை தலையை உயர்த்தி எங்கள் பக்கமே பார்த்தது. உமாவின் கை என் கையை நசுக்கியது. பிறகு அந்த யானை ஒரு உறுமல் உறுமியது. குட்டி திரும்பி ஓடியது. ஒன்றன்பின் ஒன்றாகக் கரையேறி, ராகிக் கொல்லைகள் இருந்த பக்கம் போய் மறைந்தன. பொழுது சாய்ந்துவிட்டிருந்தது. ஒரு நாள் பயணத்தில் பாதி போய்விட்டது. ஆனாலும் எங்கள் நாலு பேருக்கும் பேச்சு நிற்கவில்லை, ஒரே நேரத்தில் நாலு பேரும் பேசினோம்.

இருட்டுவதற்குள் எங்காவது ஒதுங்க வேண்டும். பம்ப்செட் கொட்டகை ஒன்று தெரிந்த கரையில் படகை விட்டோம். காலை மண்ணில் வைப்பதற்குள் மேட்டின் மேல் பத்துப் பதினைந்து பேர் வந்து நின்றார்கள். சிலர் கையில் கல்.

“யார் நீங்கள்?” என்று தெலுங்கில் கேட்டார் முன்னால் நின்றவர். பதில் வராததால் கன்னடத்தில் கேட்டார். அப்புறம் தமிழுக்கு வந்தார். “நெலம் அளக்க வந்தீங்களா? ரோட்டு வழியா வந்தா வெரட்டுறோம்னு இப்ப ஆத்து வழியா வந்துட்டீங்களா?”

வீட்டுக்காரர் கம்பெனிச் சட்டை போட்டிருந்தார். போதாததற்கு, “இல்லீங்க, நான் சிப்காட்டுல...” என்று ஆரம்பித்தார். அந்த நேரத்தில் வாயிலிருந்து வந்திருக்கவே கூடாத ஒரே வார்த்தை அது. ஒரு கல் படகுக்குப் பக்கத்தில் தண்ணீரில் விழுந்தது. அங்கே தொழிற்பேட்டைக்காக நிலம் எடுப்பதைப் பற்றி எல்லா ஊரிலும் பேச்சாக இருந்த காலம். அவர்களுடைய கோபம் எனக்குப் புரிந்தது. ஆனால் என் பெண்கள் படகில் இருந்தார்கள்.

நான் இடுப்பில் ட்யூபோடு எழுந்து நின்றேன். “அண்ணா! கல்லக் கீழ போடுங்கண்ணா! நாங்க அளக்க வரல. எம் பொண்ணக் காட்டப் போறோம். ஞாயித்துக்கெழம கிருஷ்ணகிரி டேம்ல மாப்ள வூட்டுக்காரங்க வராங்க!”

கரையில் சத்தம் நின்றது. அந்த மனிதர் என்னைப் பார்த்தார், படகைப் பார்த்தார், கீதாவைப் பார்த்தார். தெலுங்கில் பின்னால் திரும்பிச் சொன்னார்: “பெண்ணைக் காட்டப் போகிறார்களாம். இந்தத் தொட்டியில்.”

ஒரு பொம்பளை சிரித்தாள். அதோடு எல்லோரும் சிரித்தார்கள். கல்லெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. “ஏம்மா, பஸ்ஸு ஓடலியா?” என்று கேட்டார் ஒருவர். “இந்தாளுக்கு வாக்கப்பட்டவ பஸ்ஸுல போவ முடியாதுண்ணா” என்றேன். அன்று ராத்திரி எங்களுக்கு சுடச்சுட ராகிக் களி, மொச்சைக் கொட்டைக் குழம்பு. நெய்யை ஊற்றிக்கொண்டே, கரையில் முதலில் சிரித்த அந்தப் பெண், பெயர் நாகம்மா, கீதாவிடம் கேட்டாள்: “பையன் நல்லவனாம்மா?” “இன்னும் பாக்கலக்கா” என்றாள் கீதா. “நல்லா பாத்துக்கோ. நாங்க யாரும் கட்டிக்கறதுக்கு முன்னாடி பாக்கல” என்றாள் நாகம்மா. பம்ப்செட் கொட்டகையில் படுத்தோம்.

சனிக்கிழமை விடிந்தபோது ஆற்றின் மேல் பனி. இடப்பக்கம் தூரத்தில் சூளகிரி மலை மட்டும் பனிக்கு மேலே தனியாகத் தெரிந்தது. யானைகளிடம் விட்ட நேரத்தைப் பிடிக்க வீட்டுக்காரர் வேகவேகமாகத் துடுப்புப் போட்டார்.

மத்தியானம் தாண்டி ஆறு குறுகியது. இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவே தண்ணீர் சரிந்து கீழே விழுந்து நுரைத்தது. கீதா கரையை ஒட்டி நிறுத்தச் சொன்னாள். “எறங்கித் தூக்கிக்கினு போயிடலாம்பா. கீழ கல்லு இருக்குது, தண்ணி நடுவுல பொங்குது பாருங்க.”

“தூக்கிக்கினு போனா ஒரு மணி நேரம் போயிடும். அங்க இதவிட உசரத்துலருந்து...”

“அங்க வேறப்பா.”

“புடிச்சிக்கோங்க!” என்றார்.

பிடித்துக்கொண்டோம். சரிவில் படகு இறங்கிய வேகத்தில் என் வயிறு மேலே நின்றுவிட்டது. சொல்வதற்கென்ன, ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்த நொடி கீழே கிடந்த கல் படகின் முதுகில் இடித்தது. வானம், தண்ணீர், வானம். மூக்கிலும் வாயிலும் ஆறு. இடுப்பிலிருந்த ட்யூப் என்னை மேலே தள்ளியது. “உமா! கீதா!” என்று கத்தினேன், சத்தத்துக்குப் பதிலாகத் தண்ணீர்தான் வந்தது. ஒரு கை என் கொண்டையைப் பிடித்து இழுத்தது. கீதா. அவளுடைய இன்னொரு கையில் உமா. இடுப்பளவுத் தண்ணீரில் மூன்று பேரும் கட்டிக்கொண்டு நின்றோம். படகு கவிழ்ந்தபடி ஒரு புதரில் சிக்கியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்ற வீட்டுக்காரரின் வலது மணிக்கட்டு, பார்க்கும்போதே வீங்கிக்கொண்டிருந்தது.

நீலப் பெட்டியைக் காணவில்லை. கொஞ்சம் கீழே போய்த் தேடினோம். ஒரு சீப்பு கிடைத்தது.

கரையில் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்தது. பெட்டிக்காக இல்லை. மூன்றாவது இடமும் போயிற்று என்று. “எல்லாம் உங்களால” என்றேன். எப்போதும் பேசும் மனிதர் தலையைக் குனிந்துகொண்டிருந்தது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

கீதா படகைப் புரட்டித் தண்ணீரைக் கொட்டினாள். துடுப்புகளைப் பொறுக்கினாள். பிறகு பின்னால் போய், அப்பா உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். “அப்பா, நீங்க நடுவுல வாங்க. அம்மா, நீங்க முன்னாடி.”

“நானா? எனக்கு என்னாடி தெரியும்?”

“இத்தினி வருசமா பாத்துக்கினு இருக்கீங்க இல்ல? முன்னாடி குத்தி, பின்னாடி இழுங்க. திருப்பறத நான் பாத்துக்கறன்.”

முன்னாடி குத்தி, பின்னாடி இழுத்தேன். முதல் பத்து தடவை பாதித் தண்ணீர் என் மடியில்தான். அப்புறம் எப்படியோ கை பழகியது. நான் இழுக்கிற இழுப்பில் படகு நகர்கிறது என்பது முதுகில் தெரிந்தது. இத்தனை வருடம் சாப்பாட்டுத் தூக்கைக் கட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தேனே என்று கோபம்கூட வந்தது. அழுகை எப்போது நின்றது என்று தெரியவில்லை.

சாயங்காலம் சாமந்தித் தோட்டம் ஒன்றின் ஓரமாகப் போனோம். பூப்பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களை நிறுத்தி விசாரித்தார்கள். நான் முழுக் கதையையும் சொன்னேன். ஒருத்தி கன்னடத்தில் மற்றவளிடம் சொன்னாள்: “என் மாமியார் என்னைப் பார்க்க வந்த அன்று நான் மூன்று தடவை முகம் கழுவினேன். இந்தப் பெண் ஒரு ஆற்றிலேயே முங்கிவிட்டு வந்திருக்கிறது.” மறுநாள் வைத்துக்கொள்ள மடி நிறையப் பூவும், வழியில் தின்னத் தக்காளியும் கொடுத்தார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட வராந்தாவில் அன்றைக்குத் தங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆறு விரிந்தது. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவே ஓர் ஊரையே வைக்கலாம். அணையின் தேக்கம் வந்துவிட்டது என்று தெரிந்ததும் நாங்கள் கூச்சல் போட்டோம். கூச்சல் முடிவதற்குள் எதிர்க்காற்று ஆரம்பித்தது. ஏரியில் அலை வரும் என்று நான் நினைத்ததே இல்லை. படகின் மூக்கில் அடித்து என் மேல் தெறித்தது. அணையின் சுவர் தூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது. குத்தினோம், இழுத்தோம், அது கோடாகவே இருந்தது. உமா கிண்ணத்தால் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தாள்.

“மணி என்னாங்க?” என்றேன் திரும்பாமல்.

“வேணாம், கேக்காத” என்றார். நாலு தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

“கீதா, அவங்க போயிருப்பாங்கடி.”

“போனா போவட்டும்மா. நிறுத்தாதீங்க. நீங்க நிறுத்தினா காத்து நம்மள ஓசூருக்கே தள்ளிடும்.”

பூங்காவை ஒட்டிய கரைக்கு நாங்கள் வந்தபோது வெயில் மஞ்சளாகிவிட்டிருந்தது. மீன் வறுக்கும் வாசனை வந்தது. கரையில் வேடிக்கை பார்க்கக் கூடியவர்களுக்கு நடுவே மூன்று பேர் தனியாகத் தெரிந்தார்கள். தட்டில் வெற்றிலைப் பாக்கு வைத்திருந்த ஒரு தாட்டியான மனிதர், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் ஒரு பையன், அரக்குச் சேலையில் ஒல்லியாக ஒரு அம்மா. எனக்குத் துடுப்பை எங்கே ஒளித்து வைப்பதென்று தெரியவில்லை.

சேறு காய்ந்த பாவாடை தாவணியும் தலை நிறையச் சாமந்தியுமாகக் கீதா இறங்கிப் படகைக் கரைக்கு இழுத்தாள். “நேரமாயிடுச்சிங்க, மன்னிச்சிக்கோங்க” என்றாள்.

“இதுதான் பொண்ணா?” என்றார் அந்தத் தாட்டியான மனிதர். பையனுடைய தாய்மாமா. “நாங்க நாலு மணிலருந்து நின்னுக்கினு இருக்கறோம். மீன்புடிக்கிறவங்க மாதிரி தண்ணியிலருந்து வராங்க! வாக்கா, போலாம்.”

அந்தம்மா அசையவில்லை. கீதாவை ஏற இறங்கப் பார்த்தார். “எங்கருந்து வரீங்க?”

“ஓசூர்லருந்துங்க.”

“தண்ணி மேலயேவா?”

“ஆமாங்க. வெள்ளிக்கெழம கெளம்பினோம்.”

“பயமா இல்லியா?”

கீதா கொஞ்சம் யோசித்தாள். “நேத்து பயந்துட்டங்க. பொட்டி போயிடுச்சி, அப்பாவுக்கு கை போச்சி. இன்னிக்கி அவ்ளோ இல்லீங்க.”

அந்தம்மா என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, நாங்க இருக்கற ஊர்ல குடிக்கத் தண்ணி எடுக்கவே அரை மைலு நடக்கணும். இந்த அணைக்கு ஆடிப்பெருக்குன்னு எத்தினியோ வாட்டி வந்து சுவத்து மேலருந்து எட்டிப் பாத்துட்டுப் போயிருக்கறன்.” செருப்பைக் கழற்றினார். முந்தானையை இழுத்துச் சொருகினார். “நானு ஏறலாமா?”

“அக்கா! உனக்கென்னா பைத்தியமா?” என்றார் தாய்மாமா.

“நீ சும்மா இருடா.”

கீதா அவர் கையைப் பிடித்து நடுவில் உட்காரவைத்தாள். என் ட்யூபைக் கழற்றி அவர் இடுப்பில் மாட்டினேன். உமா முன்னால் ஏறினாள். படகு கரையை விட்டது. அந்தம்மா இரண்டு பக்கமும் இறுகப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி போனார். கொஞ்ச தூரம் போனதும் ஒரு கையை எடுத்துத் தண்ணீரில் விட்டார்.

கரையில் நாங்கள் நின்றோம். சேகர் என் வீட்டுக்காரரின் கையைப் பார்த்து, “காட்டுங்க மாமா” என்றார். மீன் கடையிலிருந்து ஒரு அட்டையை வாங்கி மடித்து வைத்து, கைக்குட்டையைக் கிழித்துச் சுற்றுச் சுற்றாகக் கட்டினார். காயில் கட்டிப் பழகிய கை, ஒரு சுற்றுக்கூடத் தளரவில்லை. கட்டிக்கொண்டே மெதுவாக என்னைக் கேட்டார். “அவங்களுக்குக் கோவம் வருங்களா அத்தை?”

பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். “வரும் தம்பி. நல்லாவே வரும்.”

“அப்ப சரிங்க. கோவம் வராதவங்க எங்கம்மாகிட்ட ரெண்டு நாளு தாங்க மாட்டாங்க” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அன்று எனக்குச் சிரிப்பு வந்தது அதுதான் முதல் தடவை.

படகு திரும்பி வந்தது. அந்தம்மாவின் சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. என்ன பேசினார்கள் என்று இன்றுவரை மூன்று பேரும் எனக்குச் சொன்னதில்லை. கரையேறியவர் மகனைப் பார்த்து, “நீ ஏறுடா” என்றார். அவர் வெள்ளைச் சட்டையோடு ஏறினார். உமா தன் துடுப்பை அவரிடம் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

காற்று அடங்கிவிட்டிருந்தது. சேகர் எந்தப் பக்கம் குத்தக் கூடாதோ அந்தப் பக்கமே குத்தினார். படகு ஒரே இடத்தில் சுற்றியது. “எடது பக்கம்! எடது பக்கம்ங்க! ஐயோ, அது உங்க சோத்துக்கை!” என்று கீதா கத்துவது தண்ணீர் மேல் தெளிவாகக் கேட்டது. சட்டென்று இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு நிற்கவே இல்லை. தாய்மாமாகூட வெற்றிலைத் தட்டை மெதுவாகக் கல்லின் மேல் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

பக்கத்தில் நின்ற அந்தம்மா சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே கேட்டார். “தையில நாளு பாக்கலாமா, அண்ணி?”

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், சீக்கிரம் தலையாட்டு என்பதுபோல.

“அவ கரைக்கு வரட்டும், அண்ணி” என்றேன்.

வெளிச்சம் மங்கும்வரை அவர்கள் வரவில்லை. நாங்கள் வறுத்த மீனை வாங்கிப் பங்கு போட்டுச் சாப்பிட்டபடி காத்திருந்தோம். கடைசியில் படகு கரையைத் தொட்டது. முழுக்க நனைந்த வெள்ளைச் சட்டையோடு சேகர் முதலில் குதித்துப் படகைப் பிடித்தார். கீதா இறங்கி நேராக என்னிடம் வந்தாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே, “சரின்னு சொல்லிடுங்கம்மா” என்றாள்.